உள்ளத்தின் நோயும் தொலைவிலிருந்து வரும் துணையும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது ஸலவாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

உடம்புக்கு வருகின்ற நோயைப் பற்றிப் பேசுவதற்கு நாம் வெட்கப்படுவதில்லை. சீனி வியாதி எவ்வளவு, பிரசர் எவ்வளவு என்று கல்யாண வீட்டிலும் கதைக்கிறோம், கபுரடியிலும் கதைக்கிறோம். ஆனால் வீட்டிலே ஒரு பிள்ளை மூன்று வாரமாக உறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, உணவைத் தொடவில்லை என்றால் முதலில் கதவைச் சாத்துகிறோம். அயலவர் அறிந்தால் நாளை ஒரு சம்பந்தம் வராது என்று அஞ்சுகிறோம். உள்ளத்தின் நோய் அந்தச் சாத்திய கதவுக்குள்ளேதான் முற்றுகிறது. அந்தக் கதவைத் திறவாமலேயே உள்ளே செல்லக்கூடிய ஒரு வழி இக்காலத்தில் வந்திருக்கிறது. தொலைபேசியும் காணொளித் திரையுமே அவ்வழியாகும். தீவுகளிலும் தூரக் கிராமங்களிலும் வாழ்கின்றவர்களுக்கு அவற்றின் மூலம் உளநல சிகிச்சை எவ்வாறு சென்றடையும், அதில் நம்முடைய கடமை என்ன என்பதை இன்று சிந்திப்போம்.

துயரம் ஈமானின் குறைவா?

உளநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன், "தொழுகை இல்லை, அதனால்தான்" என்று தீர்ப்புச் சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் நபி யஃகூப் (அலை) அவர்களின் சரித்திரத்தை நினைவுகூரட்டும். மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தால் அந்த நபியின் கண்கள் பார்வையை இழந்தன என்பதை அல்குர்ஆன் நமக்கு அறிவிக்கின்றது. ஒரு நபியின் உள்ளத் துயரம் அன்னாரின் உடம்பையே தாக்கியது. அதனை ஈமானின் குறைவு என்று சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா? நமது நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே வரலாறு பெயரிட்டது.

துக்கம் நிகழ்ந்த வீட்டில் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் செய்தார்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்று நபியவர்களிடமிருந்து கேட்டதாகவும் அறிவித்தார்கள். துயருற்றவரைத் துஆச் செய்து மட்டும் அனுப்பிவிடாமல், உட்காரவைத்துக் கஞ்சியும் கொடுத்த மார்க்கம் இது. சித்தம் தெளியாதவர் மீது குற்றம் எழுதப்படாது என்று சட்டம் வகுத்ததும் இம்மார்க்கமே. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியுமாக ஒரு மருத்துவ நூலையே எழுதினார். எனவே உள்ளத்துக்கு மருத்துவம் தேடுவது அந்நியரிடமிருந்து வந்த புதுமை என்று கருத வேண்டியதில்லை.

நம் மண்ணின் காயம்

அன்பானவர்களே! இந்தக் குடாநாட்டில் வாழ்கின்ற எவரும் உள்ளக் காயம் இல்லாதவர் அல்லர். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அக்காலத்தில் விரட்டப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995இல் அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஒரே திகதி இரண்டு சமூகங்களின் நெஞ்சிலும் வடுவாக எழுதப்பட்டிருக்கிறது. இதனை எவரையும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. காயப்பட்டவர் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார் என்பதை உணர்வதற்காகவே சொல்கிறேன்.

இக்காயங்கள் அளந்தும் பார்க்கப்பட்டுள்ளன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டு யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், 100 பேரில் ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 பேரிடம் பெரும் அதிர்ச்சிக்குப் பின்னர் வரும் மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன.

புத்தளத்தில் வாழ்ந்த வடபுல முஸ்லிம்களிடையே, வெளியேற்றம் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னர், 450 பேரைக் கொண்டு வேறோர் ஆய்வு நடந்தது. அதில் 18.8 சதவீதமானோரிடம் ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது உடல் வலியாக வெளிப்படுகின்ற உளத்துயரம். அது மட்டும் 14 சதவீதம். தலையிடி, நெஞ்செரிவு, முதுகு வலி, உடம்பெல்லாம் உளைவு என்று வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார் ஒருவர். இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் எதுவும் தென்படுவதில்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்படுகிறார். ஒன்றுமில்லாமல் இல்லை. வாய் பேச மறுத்ததை உடம்பு பேசுகிறது. நமது வாப்பாமாரும் உம்மாமாரும் ஆண்டுக்கணக்கில் சுமந்துவரும் வலிகளுள் இத்தகையவை எத்தனை என்று ஒவ்வொரு பிள்ளையும் எண்ணிப்பார்க்கட்டும்.

தூரம் என்னும் தடை

இத்தனை காயங்களுக்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார்? யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு பெரிய வேலையைச் செய்தார்கள். மருத்துவர் சிலரே இருந்த இடத்தில், ஆசிரியர்களையும் கிராம மட்டப் பணியாளர்களையும் பயிற்றுவித்தார்கள். மனவடு என்னும் தமிழ் நூலை அவர் எழுதினார். உளவளத்துணை என்னும் சொல் நம் மக்களின் நாவுக்குப் பழகியதில் இவர்களுக்கும், யாழ்ப்பாணத்தின் சாந்திகம் போன்ற அமைப்புகளுக்கும் பெரும் பங்குண்டு.

இருந்தாலும் நெடுந்தீவில் இருக்கின்ற ஒரு தாயை எண்ணிப்பாருங்கள். மகனை நகரத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டுமானால், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் வரவேண்டும். அங்கிருந்து பஸ் ஏறவேண்டும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகு ஓடாது. தனக்கு நோயே இல்லை என்று சொல்கின்ற மகனைப் படகில் ஏற்றுவது இன்னொரு போராட்டம். அன்றைய கூலியும் போய்விடும். வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களுக்கும் இதே கதைதான். ஒரு தவணை தவறுகிறது, பின்னர் இரண்டு தவறுகின்றன, குளிசை முடிகிறது, நோய் திரும்புகிறது. உளநோயில் மருத்துவம் தோற்பதற்குப் பல வேளைகளில் காரணம் மருந்தன்று, தொடர்ச்சி அறுவதே.

திரை வழியே மருத்துவம்

தூரத்தைத் திரையால் கடப்பது நேற்றுத் தோன்றிய யோசனை அன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து உளநல மருத்துவர்கள் 1959ஆம் ஆண்டிலேயே இருவழித் தொலைக்காட்சியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினர். 1964இல் ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஒரு மனநல வைத்தியசாலையை அதனால் இணைத்தனர்.

நமக்கு அண்மையான உதாரணம் பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. டொக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, 2010இல் அம்மாவட்டத்தின் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. பஸ்ஸின் உள்ளே ஒரு சிறிய அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். அவ்வூர்களைச் சேர்ந்த பணியாளர் முன்கூட்டியே வீடுகளுக்குச் சென்று நோயுற்றவரை இனங்காண்பார். பஸ் வரும் நாளில் நோயாளியையும் குடும்பத்தாரையும் அழைத்து வருவார். சென்னையில் அமர்ந்திருக்கும் உளநல மருத்துவர் திரையில் அவர்களோடு பேசுவார். மருந்து அங்கேயே கையில் கொடுக்கப்படும். பஸ் திரும்பிய பின்னரும், மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று அப்பணியாளரே விசாரிப்பார்.

இதில் ஒரு பாடம் உண்டு. அம்மக்களைக் குணப்படுத்தியது திரை மாத்திரமன்று. திரைக்கு முன்னால் ஊரவர் ஒருவர் இருந்தார், மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இம்மூன்றில் எது குறைந்தாலும் அத்திட்டம் வெறும் கண்காட்சியாகிவிடும்.

இந்தியா முழுவதற்குமாக 2022 ஒக்டோபர் 10இல், உலக உளநல நாளன்று, டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை ஆரம்பிக்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் அதனோடு பேசலாம்.

நமது நாட்டிலோ, 1926 என்ற இலக்கத்தை அழுத்தினால் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் உதவிச் சேவை கிடைக்கிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஒருவரைப் பழிப்பதற்கு "அங்கொடைக்கு அனுப்பவேண்டும்" என்று நாம் சொல்லிவந்தோம். பழிச்சொல்லாக நாம் பயன்படுத்திய அவ்விடத்திலிருந்துதான், இன்று நள்ளிரவில் உறக்கமின்றித் தவிக்கும் ஒருவருக்கு ஆறுதலான குரல் வருகிறது. இனியாவது அந்தப் பழிச்சொல்லை நம் நாவிலிருந்து நீக்குவோமாக.

2020இல் கொரோனா ஊரடங்கு வேளையில் தூர மருத்துவத்தின் பயனை நாமே கண்டோம். கிளினிக்குக்குச் செல்ல முடியாத நோயாளர்களின் மருந்துகளைத் தபால் ஊழியர்கள் வீடுகளுக்கே கொண்டுவந்து கொடுத்தனர். நெருக்கடியில் முடிந்தது சாதாரண நாட்களிலும் தீவக மக்களுக்கு முடியவேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே.

எழுகின்ற சந்தேகங்கள்

"முகம் காணாத ஒருவரோடு மனத்தைத் திறப்பது எப்படி?" என்று சிலர் கேட்கின்றனர். இந்த உரையை வானொலியில் கேட்டவர்கள் என் முகத்தைக் காணவில்லையே! கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கின்ற எத்தனை வாப்பாமார் தொலைபேசியிலேயே பிள்ளைகளை வளர்க்கிறார்கள், கண்டிக்கிறார்கள், அவர்களோடு அழுகிறார்கள்! அன்பு தொலைபேசியில் செல்லுமென்றால் ஆலோசனையும் செல்லும்.

"பெண்பிள்ளை அந்நிய ஆணோடு பேசலாமா?" என்றும் கேட்கின்றனர். மருத்துவத் தேவைக்கு வழிவிட்ட மார்க்கம் நம்முடையது. பெண் ஆலோசகர் வேண்டும் என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் சிகிச்சையைத் தடுத்து வைப்பது பேணுதலாகாது.

"ஓதிப் பார்த்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். மருந்தை நிறுத்திவிட்டு ஓதச் சொல்பவரும், இஸ்மு கட்டுவதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரும், ஷைத்தானை விரட்டுகிறேன் என்று நோயாளியை அடிப்பவரும் மார்க்கத்தின் பெயரால் அநியாயம் செய்கின்றனர். இப்போது இவர்களும் வட்ஸ்அப்பில் வருகிறார்கள். தொலைவிலிருந்து பேசுகின்றவர் மருத்துவரா, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, எந்த வைத்தியசாலையைச் சேர்ந்தவர் என்பதை விசாரித்தறியாமல் ஒரு சதமேனும் அனுப்பாதீர்கள். பிள்ளையின் படத்தையும் அந்தரங்கத்தையும் பகிராதீர்கள்.

தூர மருத்துவத்துக்கு எல்லையும் உண்டு. முதன்முறை நோயை இனங்காண்பதற்கு இயன்றவரை நேரிற் செல்வதே சிறந்தது. தொடர்ந்து பார்ப்பதற்கும், குளிசையின் அளவைச் சரிபார்ப்பதற்கும், ஆலோசனைக்கும் தொலைபேசி பெரிதும் பயன்படும். ஊசி போடவோ இரத்தம் சோதிக்கவோ அதனால் முடியாது. ஒருவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருந்தால் திரைக்கு முன் அமர்ந்து காலம் கடத்தலாகாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 2018 யூலையில் வட மாகாணத்துக்கும் வந்த இலவச சேவை அது. வெளியேற்றத்தின் ஆண்டாக நம் நெஞ்சில் பதிந்த அந்த நான்கு இலக்கங்கள், இன்று ஓர் உயிரைக் காக்கும் எண்ணாகவும் இருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்!

பெற்றோர்களுக்கு

மதிப்புக்குரிய பெற்றோர்களே! வீட்டில் தொலைபேசி யார் கையில் இருக்கிறதோ, சிகிச்சையின் வாசலும் அவர் கையில்தான் இருக்கிறது. மருமகள் பிள்ளைப்பேற்றின் பின்னர் காரணமின்றி அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மனமில்லாதிருக்கிறாள் என்றால் அது சோம்பலன்று, பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவள் ஆலோசகரோடு பேசும்போது மாமியார் பக்கத்திலிருந்து காது கொடுக்க வேண்டாம். அரை மணி நேரம், ஓர் அறை, சாத்திய கதவு. இவ்வளவையும் கொடுத்தால் போதும். அவமானத்தை மறைப்பதற்காகச் சாத்திய கதவை, அவள் மனம் திறப்பதற்காகச் சாத்துங்கள்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் குளிசைகள் வேலை செய்வதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். "ஒரு கிழமை போட்டும் சுகமில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சுகம் வந்த பின்னரும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். ரமழான் வருவதற்கு முன்னரே மருத்துவரை அழைத்து, குளிசை நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று கேளுங்கள். குறிப்பாக லிதியம் என்னும் மருந்தை உட்கொள்பவருக்கு உடம்பில் நீர் குறைந்தால் அம்மருந்து இரத்தத்தில் கூடி ஆபத்தை ஏற்படுத்தும். நோன்பு நோற்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதலே.

தோட்டம் செய்கின்ற குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பூச்சி மருந்துப் போத்தலை வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். 1995இல் நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைகள் நிகழ்ந்தன. கொடிய நஞ்சுகள் சில தடைசெய்யப்பட்ட பின்னர், 2005 ஆகும்போது அந்த அளவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் அந்த ஒரு கெட்ட நேரம் கடந்துபோகிறது, மனிதர் பிழைத்துக்கொள்கிறார். இப்பெரிய உண்மையை ஒரு சிறிய பூட்டு காப்பாற்றும்.

இளைஞர்களுக்கு

அன்பின் இளைஞர்களே! உங்கள் நண்பன் "வாழ்ந்து என்ன பயன்" என்று சொன்னால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள், "ஹராம் தெரியாதா" என்று வாயையும் அடைக்காதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. தன்னைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே உண்டாகும். அவனைத் தனியே விடாதீர்கள். அவன் பக்கத்தில் இருந்துகொண்டே 1926ஐ அழைத்துக் கொடுங்கள். தற்கொலைக்கு முயன்றால் பொலிசில் பிடிப்பார்கள் என்று அஞ்சவும் வேண்டாம். அச்சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

நாள் முழுவதும் தொலைபேசி உங்கள் கையில் இருக்கிறது. தூரக் கிராமத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கோ, அப்பாவுக்கோ காணொளி அழைப்பை ஏற்படுத்திக் கொடுப்பதும், தவணை நாளை நினைவூட்டுவதும், டேட்டா போட்டுக் கொடுப்பதும் நோயாளியை நலம் விசாரிப்பதன் இக்காலத்து வடிவமாகும். அப்போது காதில் விழுந்தவை அமானிதம். அவற்றை வெளியே சொல்பவன் அமானிதத்துக்கு மோசடி செய்தவனாவான்.

ஜமாஅத்தினருக்கு

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. மத்ரஸாவிலோ பாலர் பாடசாலையிலோ ஓர் அறையை வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒரு கதிரை, ஒரு மேசை, நல்ல இணைய இணைப்பு, மறைப்புக்கு ஒரு திரைச்சீலை போதுமானது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரோடும், வைத்தியசாலையின் உளநலப் பிரிவினரோடும் பேசுங்கள். நம்பிக்கைக்குரிய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பயிற்சி பெறட்டும். புதுக்கோட்டைப் பஸ்ஸில் இருந்த அந்த ஊர்ப் பணியாளரைப் போன்றவர் நமது ஊரிலும் இருக்கவேண்டும். அந்த அறையின் கதவு முஸ்லிமுக்கு மட்டும் திறக்கப்பட வேண்டாம். ஒக்டோபர் 30இன் வடுவைச் சுமக்கின்ற எந்த அயலவரும் அதில் வந்து அமரட்டும்.

நான் இடம்பெயர்ந்த பெற்றோருக்கு முகாமில் பிறந்த தலைமுறையைச் சேர்ந்தவன். நம் பெற்றோர் வீட்டைக் கட்டினார்கள், கடையைத் திறந்தார்கள், பள்ளிவாசலைப் புனரமைத்தார்கள். தங்கள் உள்ளத்தைத் திருத்துவதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனைத் திருத்துவதற்கு அவர்களுக்குத் துணைநிற்பது பிள்ளைகளாகிய நம் மீதுள்ள கடன். இன்றிரவு வீட்டுக்குச் சென்று, "உம்மா, உங்களுக்கு உறக்கம் வருகிறதா?" என்று ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலைப் பொறுமையோடு கேளுங்கள்.

யா அல்லாஹ்! உறக்கமிழந்த கண்களுக்கு உறக்கத்தையும், நடுங்குகின்ற உள்ளங்களுக்கு அமைதியையும் தருவாயாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்கு அழகிய பொறுமையையும் அருள்வாயாக! தொலைவிலிருந்து துணைவரும் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.